பத்தாண்டு அதிகாரிகள்

மேடவாக்கம் கூட்டுரோட்டில் நின்றால் மூன்று பக்கமும் வேலை இருக்கிறது. கிழக்கே பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் சாலை ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களில் கொண்டுபோய் விடும். மேற்கே செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று போனால் தாம்பரம் விமானப்படை நிலையம். வடக்கே கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை தாண்டிப் போனால் பரங்கிமலையில் ராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, சுருக்கமாக ஓடிஏ. சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளியே வரும் 22 வயதுப் பட்டதாரியை இந்த மூன்று இடங்களுமே தேடுகின்றன. மென்பொருள் நிறுவனங்கள் அவரைப் பிடிப்பதற்கு ஒரு பிரிவும், பிடித்தவரை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு பிரிவும் நடத்துகின்றன. ஆளைத் தேர்ந்தெடுக்க ராணுவத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு போல வடிகட்டும் முறை நாட்டில் வேறெங்கும் கிடையாது என்றே சொல்லலாம். எடுத்த பிறகுதான் சிக்கல்.

நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவிடம் தரப்பட்ட கணக்கு இது: 2024 ஜூலை 1 அன்று, மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் பிரிவுகள் நீங்கலாக, ராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்ட அதிகாரிகள் 50,538 பேர். பணியில் இருந்தவர்கள் 42,095 பேர். ஆறில் ஒரு நாற்காலி காலி. இந்தக் காலியிடங்கள் எல்லாப் படிகளிலும் சமமாக இல்லை. கர்னல், பிரிகேடியர் நிலைகளில் ஆட்களுக்குத்தான் பதவி போதவில்லை. பற்றாக்குறை முழுக்க லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்ற அடிப்படிகளின் தலையில் விழுகிறது. கம்பெனிக்குத் தலைமை ஏற்க வேண்டிய மேஜர் இல்லாத பட்டாலியனில், மூன்று நான்கு வருட அனுபவமுள்ள கேப்டன் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். கூடவே இன்னொருவர் பார்க்க வேண்டிய நிர்வாக வேலையும் அவரிடம் வந்து சேர்கிறது. ஒருவர் போனால் இருப்பவரின் சுமை கூடும். சுமை கூடினால் அடுத்தவரும் போக நினைப்பார்.

இந்த அடிப்படிகளை நிரப்புவதற்கென்றே ஏற்பட்டதுதான் பரங்கிமலை அகாடமி. 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு, ராணுவத்தை அவசரமாகப் பெருக்க வேண்டியிருந்தது. டேராடூன் ராணுவ அகாடமியிலிருந்து வரும் அதிகாரிகள் போதவில்லை. 1963 ஜனவரியில் சென்னையிலும் புனேயிலும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. புனே பள்ளி சீக்கிரமே மூடப்பட்டது. சென்னைப் பள்ளி நிலைத்தது. முதலில் வந்தவர்கள் ‘எமர்ஜென்சி கமிஷன்’ அதிகாரிகள். நெருக்கடி தீர்ந்ததும் அனுப்பிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. அடுத்து 1965 முதல் ‘ஷார்ட் சர்வீஸ் கமிஷன்’ என்ற குறுகியகாலப் பணி. 1988இல் பள்ளி அகாடமி ஆனது. 1992இல் பெண்களும் சேர்ந்தார்கள். 2011இல் கயாவில் இதற்கு ஒரு தங்கை பிறந்தது.

பிறந்த காரணத்தை மறக்கக் கூடாது. இந்த அமைப்பு ஆட்களை வைத்துக்கொள்வதற்காக ஏற்பட்டது அல்ல. குறிப்பிட்ட காலம் பயன்படுத்திக்கொண்டு அனுப்பிவைப்பதற்காக ஏற்பட்டது. அந்தக் காலத்து அரசு ஒன்றைச் சரியாகச் செய்தது: விடுவிக்கப்பட்ட எமர்ஜென்சி, ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கென ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். உள்ளிட்ட பணிகளில் சில ஆண்டுகளுக்கு இடம் ஒதுக்கியது. போகச் சொன்னவர்களுக்குப் போக ஒரு கதவையும் திறந்துவிட்டது. இன்று அந்த ஒதுக்கீடு இல்லை. குறைந்தது ஐந்து ஆண்டு பணியாற்றியவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்து ஆண்டு வயதுச் சலுகை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த ‘தற்காலிக’ அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர்தான். மும்பையில் பிறந்த தமிழர். 1972 ஜூனில் இந்தப் பள்ளியில் பயிற்சி முடித்து மஹர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படை நடவடிக்கையில் உயிரிழந்தார்; பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. விருதை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டு இரண்டு தேதிகளுக்கும் இடையில் உள்ள காலத்தைப் பாருங்கள். பதினைந்து ஆண்டு பணிக்குப் பிறகும் அவர் மேஜர்தான். அன்றைய பதவி உயர்வின் வேகம் அது.

அடுத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். மேஜர் முகுந்த் வரதராஜன் தாம்பரத்தில் வாழ்ந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். 2006 மார்ச்சில் ஓடிஏவிலிருந்து ராஜ்புத் படைப்பிரிவுக்குப் போனார். லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தார். மோவ் காலாட்படைப் பள்ளியில் பயிற்சி அளித்தார். 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தபோது, 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்தின் காசிபத்ரி கிராமத்தில் நடந்த மோதலில் உயிரிழந்தார். வயது 31. 2015 குடியரசு தினத்தில் அவருக்கான அசோக சக்ராவை மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் பெற்றுக்கொண்டார். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படம் இந்தக் கதையைத் தமிழ்நாட்டின் வீடுவீடாகக் கொண்டுபோயிற்று. படம் பார்த்து அழுதவர்கள் கவனிக்காத ஒரு கணக்கு இதில் உண்டு. ஐ.நா. பணி, ஆசிரியப் பணி, பயங்கரவாத எதிர்ப்பில் கம்பெனித் தலைமை என்று ராணுவம் ஓர் இளம் அதிகாரியிடம் எதிர்பார்க்கும் அத்தனையையும் அவர் எட்டே ஆண்டுகளில் செய்து முடித்திருந்தார். குறுகியகாலப் பணியின் முதல் பத்தாண்டுகூட முழுசாக முடியவில்லை.

அப்படியானால் அந்தப் பத்தாண்டு என்பது ஒத்திகைக் காலம் அல்ல. ராணுவத்துக்கு மிகவும் தேவையான, மிகவும் ஆபத்தான வேலை அதற்குள்தான் நடக்கிறது. ஆனால் விதிகள் அதை ஒத்திகையாகவே பார்க்கின்றன. 49 வாரப் பயிற்சிக்குப் பிறகு பத்தாண்டு பணி. பத்தாம் ஆண்டில் மூன்று வழிகள்: நிரந்தரப் பணிக்குத் தேர்வாவது, நான்கு ஆண்டு நீட்டிப்பு வாங்குவது, வெளியேறுவது. 24 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 34. நீட்டிப்பு முடியும்போது 38. பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில், பெற்றோர் மருத்துவமனை வரிசையில், வங்கியில் வீட்டுக் கடன். ஓ.எம்.ஆர். பக்கம் போன கல்லூரித் தோழன் அந்த வயதில் ஒரு குழுவுக்குத் தலைவனாகி இருப்பான்.

சம்பளம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தொடக்கச் சம்பளத்தில் குறையில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் அதே தொடக்கம்தான். அதன்மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500, அகவிலைப்படி, மற்ற படிகள். புதிதாகச் சேரும் மென்பொருள் பொறியாளர் பலர் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அடி விழுவது வெளியேறும் நேரத்தில்.

ராணுவ அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு பணி வேண்டும். பத்தாண்டிலோ பதினான்காண்டிலோ வெளியே வருபவருக்கு அது கிடையாது. பணிக்கொடையும், தன் சம்பளத்திலிருந்து தானே போட்டுவைத்த வருங்கால வைப்பு நிதியும்தான். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்த மற்றவர்களெல்லாம் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். முப்படைகளுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. சிப்பாய்க்கும் நிரந்தர அதிகாரிக்கும் அந்த விலக்கு பெரிய நன்மை. குறுகியகால அதிகாரிக்கோ அது நடுவீதியில் விட்ட கதை. பழைய திட்டத்துக்கு அவரிடம் ஆண்டு போதாது. புதிய திட்டத்தில் அவர் பெயரே இல்லை. 2004க்குப் பின் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து பத்தாண்டில் விலகும் ஒருவர், அரசு செலுத்திய பங்கோடு சேர்ந்த ஓய்வூதியக் கணக்கை அடுத்த வேலைக்கும் கொண்டுபோகிறார். எல்லையில் கம்பெனி நடத்திய கேப்டனுக்கு அந்த வசதி இல்லை. யாரோ திட்டமிட்டுச் செய்த அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு விதிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகளாக யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அதற்கு முன்பே குனிந்து பார்த்த குழு ஒன்று இருந்தது. கார்கில் போருக்குப் பிறகு அமைக்கப்பட்ட அஜய் விக்ரம் சிங் குழு. பட்டாலியன் தளபதிகளுக்கு வயது கூடிவிட்டது, இளைஞர்கள் வேண்டும் என்பது அதன் தொடக்கப் புள்ளி. அதன் பரிந்துரையால் 2004 டிசம்பரில் பதவி உயர்வு வேகமெடுத்தது: இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். பரமேஸ்வரன் பதினைந்து ஆண்டில் எட்டாத படியை இன்று எல்லோரும் பதின்மூன்றில் எட்டுகிறார்கள். 2008இல் கர்னல் முதல் லெப்டினன்ட் ஜெனரல் வரை முப்படைகளுக்கும் சேர்த்து 1,896 கூடுதல் பதவிகளும் கிடைத்தன. அந்தப் பதவிகளை ராணுவத்தின் எந்தப் பிரிவுக்கு எத்தனை என்று பங்கிட்ட தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் முடிந்தது தனிக் கதை.

குழு சொன்னதில் மற்றொரு பாதி இருந்தது. நிரந்தர அதிகாரி ஒருவருக்குக் குறுகியகால அதிகாரி 1.1 என்ற விகிதத்தில் படை அமைய வேண்டும். அப்போதுதான் அடியில் அகலமாகவும் மேலே கூராகவும் இருக்கும். அவர்கள் வெளியேறும்போது கண்ணியமான பலன்கள் தர வேண்டும். பதவிகளைக் கூட்டும் பாதி நடந்தது. இந்தப் பாதி நடக்கவில்லை. நடந்ததைக் கொண்டாடியவர்கள் அப்போதே மூத்தவர்களாகிவிட்டவர்கள். நடக்காததால் இழந்தவர்கள் இன்னும் பரங்கிமலைக்கு வந்தே சேராதவர்கள். அதிகார அமைப்புகளில் சீர்திருத்தம் பெரும்பாலும் இந்தத் திசையில்தான் பாயும்.

பணப்பலன் மட்டுமே காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. தங்க விரும்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பெண் அதிகாரிகளின் வழக்கில் பார்க்கலாம். 1992இல் முதல் பெண் கேடட்கள் பரங்கிமலைக்கு வந்தபோது அவர்களுக்குக் குறுகியகாலப் பணி மட்டுமே. ‘கேடட் 001’ என்று அறியப்படும் பிரியா ஜிங்கன் பத்தாண்டு பணியாற்றி மேஜராக வெளியே வந்தார். 2003இல் தொடங்கிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. ராணுவம் மேல்முறையீடு செய்தது. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. சரி, முடிந்தது என்று நினைத்தால் தேர்வு வாரியம் பலரை நிராகரித்தது. மறுபடியும் வழக்கு. 2021 மார்ச் 25 அன்று லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தந்த தீர்ப்பு, பெண்ணுரிமைத் தீர்ப்பு என்ற அளவில்தான் பேசப்பட்டது. ஆட்களைத் தக்கவைப்பது எப்படி என்று யோசிக்கும் எந்த நிறுவனமும் படிக்க வேண்டிய ஆவணம் அது.

நீதிமன்றம் கண்டது இது. வருடாந்திர ரகசிய அறிக்கைகளின் மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரந்தரப் பணிக்குத் தேர்வு. ஆனால் அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட காலத்தில், இவர்களுக்கு நிரந்தரப் பணி என்ற வழியே இல்லை. எழுதிய மேலதிகாரிக்கு அது தெரியும். பத்து அல்லது பதினான்கு ஆண்டில் போகப்போகிறவருக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டு என்ன ஆகப்போகிறது? அதை உண்மையில் பதவிக்குப் போட்டியிடும் இன்னொருவருக்குப் போட்டால் பயன்படும். அறிக்கைகள் அக்கறையில்லாமல் எழுதப்பட்டன. முக்கியமான படிப்புகளுக்கும் பொறுப்புகளுக்கும் அவர்கள் அனுப்பப்படவில்லை. பிறகு வாரியம் அதே அறிக்கைகளை எடுத்து வைத்து ‘தகுதி போதாது’ என்றது. பல ஆண்டுகளுக்குப் பிந்தைய சாதனைகளைக் கணக்கில் எடுக்காமல், பழைய ஆண்டுகளின் அறிக்கையோடு நின்றுகொண்டது. இதை மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது.

பெண்களுக்குச் சட்டம் கதவை மூடியிருந்ததால் அது நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. ஆனால் ‘தற்காலிகம்’ என்ற முத்திரை ஒருவர் மேல் விழுந்துவிட்டால், அவரிடம் முதலீடு செய்ய யாருக்கும் மனம் வராது என்ற உண்மைக்கு ஆண் பெண் கிடையாது. என் வாதம் இதுதான்: தங்குவதா போவதா என்பதைப் பத்தாம் ஆண்டில் கேட்கிறார்கள்; ஆனால் மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் எந்தப் படிப்புக்கு யாரை அனுப்பினார்கள், அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்பதிலேயே அது முடிவாகிவிடுகிறது. திறமைசாலிக்குத் தன் இடம் எது என்று புரிய பத்தாண்டு ஆகாது.

பணத்தைக் கொட்டிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு நடுவில் அமெரிக்கத் தரைப்படையில் கேப்டன்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2007இல் தங்கினால் 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவானது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள் பிறகு அலசிப் பார்த்தபோது, தொகையை வாங்கியவர்களில் பெரும்பாலோர் எப்படியும் தங்கியிருக்கக்கூடியவர்கள் என்று தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு, 2006இல் அவர்கள் இன்னொன்றும் செய்திருந்தார்கள். பயிற்சி முடிக்கும்போதே, மூன்று ஆண்டு கூடுதலாகப் பணியாற்ற ஒப்புக்கொண்டால் விரும்பிய படைப்பிரிவு, விரும்பிய இடம், அல்லது பிறகு அரசுச் செலவில் மேற்படிப்பு, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பணமே தராத இந்தத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். தன் வாழ்க்கையில் தனக்கும் ஒரு சொல் இருக்கிறது என்ற நிலையை 35,000 டாலரால் வாங்க முடியவில்லை.

அமெரிக்கா செய்த மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் 20 ஆண்டு முடிந்தால்தான் ஓய்வூதியம். ஐந்தில் நால்வர் ஒன்றும் பெறாமல் வெளியேறினார்கள். 2018 ஜனவரி 1 முதல் முறையை மாற்றினார்கள். இருபதாண்டு ஓய்வூதியம் சற்றுக் குறைந்தது. பதிலாக, வீரர் போடும் சேமிப்புக்கு அரசும் பங்கு போடுகிறது. இரண்டாண்டு பணி முடித்தவர் எப்போது போனாலும் அந்தக் கணக்கு அவரோடு போகும். பணியின் நடுக்காலத்தில், தொடர ஒப்புக்கொள்பவருக்குத் தனித் தொகை. முடிவெடுக்கும் வயது எது என்று புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு.

தாம்பரத்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே விமானப்படையின் பறக்கும் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. விமானியை உருவாக்கும் ஆசிரியரை உருவாக்கும் இடம். முப்படைகளிலிருந்தும் நட்பு நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். தலைமைத் தணிக்கையாளரின் 2024 அறிக்கையின்படி விமானப்படையில் விமானிகள் பற்றாக்குறை 2015 தொடக்கத்தில் 486. 2021 இறுதியில் 596. விமானி விஷயத்தில் சந்தையின் இழுப்பு நேரடியானது. பயணிகள் விமான நிறுவனத்துக்கு அவருடைய திறமையை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காலாட்படை கேப்டன் போனால் ஒரு கேப்டன்தான் போகிறார். பயிற்றுநர் போனால் அவரிடம் பறக்கக் கற்றிருக்க வேண்டிய மாணவர்களின் வரிசையும் தள்ளிப்போகிறது. பற்றாக்குறை தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வழி இது.

எல்லாரையும் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்து வைக்கவும் கூடாது. மேலே குறுகும் அமைப்பில் எல்லோரும் தங்கினால் நாற்பதைத் தாண்டிய லெப்டினன்ட் கர்னல்கள் கோப்பு நகர்த்திக்கொண்டிருப்பார்கள். இப்போதே அந்தக் குறை உண்டு. போனவர்கள் நாட்டுக்கு நஷ்டமும் இல்லை. 1971 போரில் இருந்துவிட்டு எட்டாண்டுப் பணியோடு கேப்டனாக வெளியே வந்த ஜி.ஆர். கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் தொடங்கினார். ‘சூரரைப் போற்று’ அவர் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஓடிஏவிலிருந்து வந்து பத்தாண்டில் வெளியேறி நிறுவனங்களிலும் குடிமைப் பணிகளிலும் நன்றாக இருப்பவர்கள் நிறைய. யார் போனார்கள் என்று தெரியாமல் போகவிடுவதுதான் குற்றம். இருபதாண்டு ஓய்வூதியம் என்ற ஒற்றைக் கயிற்றால் கட்டினால், வெளியே இடம் கிடைக்காதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடம் கிடைப்பவர் கயிறு இறுகுவதற்குள் போய்விடுவார். திறமையை வடிகட்ட வேண்டிய முறை, திறமையை வெளியே தள்ளும் முறையாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2020இல் ராணுவம் ‘டூர் ஆஃப் டியூட்டி’ என்று மூன்றாண்டுப் பணி ஒன்றை அதிகாரிகளுக்கும் சேர்த்து யோசித்தது. அந்த யோசனை 2022 ஜூனில் அக்னிபத் திட்டமாகச் சிப்பாய்களின் மேல் வந்து இறங்கியது. நான்காண்டு முடிவில் நால்வரில் ஒருவருக்கே நிரந்தரம். அதன் நிறைகுறை வேறு விவாதம். ஆனாலும் வெளியேறும் அக்னிவீரருக்கு அரசின் சமபங்கோடு சேவா நிதி என்ற தொகையை எழுதிவைத்தார்கள். அறுபதாண்டுகளாக அதே மாதிரி வந்து போய்க்கொண்டிருக்கும் குறுகியகால அதிகாரிக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை.

செய்ய வேண்டியது பெரிய சூத்திரம் அல்ல. குறுகியகால அதிகாரிக்கு முதல் மாதத்திலிருந்து அரசும் பங்களிக்கும், கூடவே கொண்டுபோகக்கூடிய ஓய்வூதியக் கணக்கு. நிரந்தரப் பணிக்கான முதல் பேச்சைப் பத்தாம் ஆண்டில் அல்லாமல் ஐந்தாம் ஆண்டில் தொடங்குவது. அந்த ஆண்டில் எந்தப் பிரிவு, எந்தப் படிப்பு என்று அதிகாரியிடமும் கேட்பது. ரகசிய அறிக்கை எழுதும் மேலதிகாரிக்கு, எழுதப்படுபவர் எந்த வகைப் பணியில் இருக்கிறார் என்று தெரியாதபடி செய்வது நடைமுறையில் கடினம். ஒரே பிரிவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் இரு வகையினரின் மதிப்பெண்களையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேசை போதும்.

ஒன்று உடனடியாகக் கேட்கலாம். நிலைக்குழுவிடம் வரும் கணக்கு இத்தனை பேர் குறைவு என்கிறது. போனவர்கள் தங்கள் அணியில் முதல் பத்தில் இருந்தவர்களா, கடைசிப் பத்தில் இருந்தவர்களா என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். பரங்கிமலையும் தாம்பரமும் தென்சென்னைத் தொகுதிகளின் வாசலில்தான் இருக்கின்றன.